பைக் பையன்களுக்கு ஒரு மண் தடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனுஷ்கோடி சாலையிலும் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பைக்கில் பறக்கும் இளைஞர்களைக் கண்டித்து உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்ன ஆபத்துகள் எல்லாம் உண்மைதான், ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் கடைசியில், பெரிய சிசி வண்டிகளைச் சின்ன வயசுக்காரர்களுக்கு விற்கவே கூடாது, பந்தய ஆசையை முளையிலேயே கிள்ள வேண்டும் என்கிற மாதிரி முடித்திருந்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை. அந்த ஆசையை யாராலும் கிள்ள முடியாது. அது ஓடித் தீர்க்க ஓர் இடம் கொடுக்கலாம். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. நான் உச்சிப்புளிக்காரன், கார், பைக், ரேஸ் என்றால் சோறு தண்ணி மறக்கிற ஆள், அதனால் கடிதம் நீளும். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், மாட்டு வண்டிப் பந்தயம் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

வண்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் வயசுக்காரர்கள் கை பழகியது யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில். 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன அந்த வண்டிக்கு இன்றைக்கும் எங்கள் பக்கம் கேட்ட விலை கொடுக்க ஆள் இருக்கிறது. முறுக்கினால் முன்சக்கரம் லேசாகும், சத்தம் ஊரைக் கூட்டும், ஆனால் நூறைத் தொடுவதற்குள் அது பெருமூச்சு விட ஆரம்பித்துவிடும். இன்றைய பையன் எடுத்த எடுப்பில் ஏறி உட்காருவது கேடிஎம் 390 டியூக் பைக்கில். 2013-ல் வந்தபோதே அதற்கு 43 குதிரைத்திறன், எடை சுமார் 150 கிலோ. அந்தக் கால மாருதி 800-க்கு 37 குதிரைத்திறன், 650 கிலோ. இரண்டிலும் ஓட்டுகிறவர் எடை 70 கிலோ என்று சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கிலோவுக்குக் கிடைக்கிற சக்தி டியூக்கில் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு குடும்பமே ஏறிப்போன காரைவிட நான்கு மடங்கு உதைக்கிற வண்டியை, மைதானத்தில் எட்டுப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுக்கிறோம். எட்டுப் போடும்போது எவனும் இருபதைத் தாண்டமாட்டான். நூறில் வரும்போது பிரேக்கை எப்படிப் படிப்படியாக அழுத்துவது, வளைவில் கண் எங்கே இருக்க வேண்டும், பின்சக்கரம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை என்ன செய்வது, இதையெல்லாம் அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யூடியூப்தான்.

வண்டி மேல் தப்பில்லை, நல்ல வண்டி. அதன் பிரேக்குக்கும் சேஸிஸுக்கும் பக்கத்தில் ஆர்எக்ஸ் நிற்கவே முடியாது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம், அது பல உயிர்களைக் காப்பாற்றுகிற சாமான். ஆனால் ஏபிஎஸ் செய்வது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான். சாலையில் இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

பிடிப்பு என்றதும் தனுஷ்கோடிக்கு வருகிறேன். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் சாலை திறந்ததிலிருந்து, ஒரு பக்கம் அலை அடங்கிய பெண் கடல், மறுபக்கம் அலையடிக்கும் ஆண் கடல், நடுவில் நேராக ஓடும் தார். பார்க்கிற யாருக்கும் முறுக்கத் தோன்றும், எனக்கும் தோன்றும். ஆனால் காற்று மணலைத் தூக்கித் தார் மேல் போட்டுக்கொண்டே இருக்கிறது. சில நாள் விரல் கனத்துக்குக் கிடக்கும், அதைப் பார்த்து எல்லோரும் மெதுவாகப் போவார்கள். கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் படிந்திருக்கிற நாள்தான் ஆளைச் சாய்க்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறது. செல்ஃபி எடுக்க நடுரோட்டில் இறங்கிய குடும்பத்தைக் கண் பார்த்து, மூளை கைக்குச் சொல்லி, கை பிரேக்கைத் தொடுவதற்குள் ஒன்றரை நொடி ஆனால், 40 மீட்டர் போயாயிற்று. வண்டி நிற்க ஆரம்பிப்பதே அதற்கு அப்புறம்தான், அதுவும் மணல் மேல்.

பாம்பன் சாலைப் பாலம் இன்னொரு கதை. 1988-ல் திறந்த, இரண்டேகால் கிலோமீட்டரைத் தாண்டும் பாலம். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பைக்கைக் காற்றுப் பக்கம் சாய்த்துத்தான் நேராகவே போக முடியும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு பஸ் வந்து காற்றை மறைத்தால், சாய்த்து வைத்த வண்டி சட்டென்று பஸ் பக்கமே இழுக்கும். பஸ் கடந்ததும் காற்று மறுபடி மொத்தமாக வந்து அறையும். ஃபேரிங் என்கிற வெளி மூடியால் முழுக்க மூடிய ஸ்போர்ட்ஸ் பைக்கில் இது இன்னும் மோசம், காற்று பிடிக்கிற பரப்பு அதில் அதிகம். இதில் பக்கத்து ரயில் தூக்குப் பாலத்தைப் பார்க்க ஓரமாக நிறுத்திய கார்கள் வேறு. இங்கே எண்பதில் போகிறவனைத் தைரியசாலி என்று நான் சொல்லமாட்டேன், காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்றுதான் சொல்வேன். எங்கள் மீனவர்களில் ஒருவர்கூடக் காற்று பாராமல் வத்தைப் படகை இறக்கமாட்டார்.

சனி ஞாயிறுகளில் சென்னை, பெங்களூர்ப் பதிவு எண்ணோடு ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசையாக ராமேசுவரம் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நின்று பார்க்க எனக்குப் பிடிக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஐந்நூறு குதிரைத்திறன் காரை இந்தச் சாலையில் ஓட்டுவதில் என்ன சுகம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தரைக்கும் வண்டிக்கும் இடையே பன்னிரண்டு பதின்மூன்று சென்டிமீட்டர், ஊருக்கு ஊர் வேகத்தடை, ஒவ்வொன்றையும் குறுக்கே நெளிந்து நெளிந்து ஏறி இறங்க வேண்டும், பின்னால் வருகிற மீன் லாரிக்காரர் ஹாரனிலேயே திட்டுவார். இரண்டாவது கியரை முழுசாக இழுக்கக்கூட முடியாத வண்டிக்கு அவ்வளவு காசு. என்னைக் கேட்டால் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எடை குறைவாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். 1989-ல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 ஆயிரம் கிலோகூட இல்லை, 1.6 லிட்டர் எஞ்சின், 115 குதிரைத்திறன். 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ் இன்னும் குறைவு, எழுநூற்றிச் சொச்சம் கிலோதான். அறுபதில் போனாலே ஓட்டுகிற மாதிரி இருக்கும் வண்டிகள் அவை. நம் நாட்டில் கம்பெனிகள் அந்த மாதிரி ஒன்றை விற்காமல், வருவதெல்லாம் இரண்டு டன் எஸ்யூவியாக இருப்பது என் தனிப்பட்ட வயிற்றெரிச்சல். மின்சாரக் கார்களும் அப்படித்தான், நேர்க்கோட்டில் எல்லோரையும் தோற்கடிக்கும், வளைவு வந்தால் பேட்டரியின் எடை டயரைத் தள்ளிக்கொண்டு போகும். சரி, இது வேறு சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மாட்டு வண்டி. சாயல்குடி, கடலாடி, தொண்டி என்று நம் மாவட்டம் முழுக்கக் கோயில் திருவிழா என்றால் பந்தயம் உண்டு. பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, கரிச்சான் என்று மாட்டின் வயதையும் உயரத்தையும் பார்த்துப் பிரிவு பிரித்துத்தான் விடுவார்கள். மேல்நாட்டில் கார் பந்தயத்தை எஃப்-1, எஃப்-2, எஃப்-3 என்று பிரிப்பதும் இதேதான். போலீஸ் அனுமதி வாங்குகிறார்கள், காலையில் சாலையை அடைக்கிறார்கள், எல்லைக்கோடு வைக்கிறார்கள், கொடி வாங்கிய இடத்தில் திருப்புகிறார்கள், விழாக் கமிட்டி பொறுப்பேற்கிறது. கடலிலும் அப்படியே, தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடத்தும்போது ஊரே கரையில் நிற்கும். வேகத்துக்கு ஆசைப்படுவது இந்த மண்ணுக்குப் புதுசா என்ன? மாட்டுக்கும் படகுக்கும் ஊர் கூடி ஓர் ஒழுங்கு ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறது, மோட்டார் வண்டிக்கு மட்டும் ஏற்படுத்தவில்லை. அதனால் என்ன நடக்கிறது தெரியுமா, பந்தயம் பார்க்கப் போன யாரும் சொல்வார்கள், மாடுகளால் வருகிற ஆபத்தைவிட அவற்றின் பின்னாலேயே ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேராகப் பைக்கில் துரத்திக்கொண்டு போகிறவர்களால் வருகிற ஆபத்துதான் அதிகம். சாரதி பயிற்சி எடுத்தவர், மாடும் பயிற்சி எடுத்தது. துரத்துகிற பையன் மட்டும்தான் அந்தச் சாலையில் எந்தப் பயிற்சியும் இல்லாதவன்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கிறது என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மாநில அரசின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விட்டால்தான் குற்றம், முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதி இல்லாமல் விடுகிறவனுக்கு அந்தத் தண்டனை கிடைக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்குச் சாவியைக் கொடுக்கிற அப்பாவுக்கு 199-ஏ பிரிவில் மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் இருக்கிறது, வண்டியின் பதிவும் ஒரு வருடத்துக்கு ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதையும் தயவு தாட்சணியம் இல்லாமல் செய்யட்டும். ஆனால் அரசு சம்மதித்தால் நடத்தலாம் என்று அதே சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறதே, அதைத் தட்டிப் பார்க்க வேண்டாமா? சென்னையில் 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் பொதுச் சாலையை மறித்து இரவில் கார் பந்தயமே நடந்ததே! செலவு பற்றி அப்போது நிறையப் பேர் சத்தம் போட்டார்கள், நான் போடவில்லை, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வைகைக்குத் தெற்கே உள்ளவனுக்கு அதில் டிவியில் பார்க்கிறதைத் தவிர என்ன கிடைத்தது?

இந்தியாவிலிருந்து எஃப்-1 பந்தயம் ஓட்டியவர்கள் இரண்டே பேர், கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், சென்னை கருண் சந்தோக். இரண்டு பேரும் நம் மாநிலம். அது தற்செயல் இல்லை. சென்னைப் பக்கம் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் உண்டு, 1990-ல் அதே சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. கோவையில் பட்டறையும் வார்ப்பாலையும் லேத்தும் தெருவுக்குத் தெரு இருந்தன, கரிவரதன் மாதிரி ஒருவர் மாருதி எஞ்சினைப் போட்டு மலிவான பந்தயக் கார்களைக் கட்டிக் காட்டினார், 1995-ல் விமான விபத்தில் அவர் போன பிறகு 2003-ல் கோவை செட்டிப்பாளையத்தில் அவர் பெயரிலேயே தடம் திறந்தார்கள். தடமும் பட்டறையும் இருக்கிற ஊரில் ஓட்டுநர்கள் வந்தார்கள். இங்கேயிருந்து செட்டிப்பாளையம் போகவே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், இருங்காட்டுக்கோட்டை ஐந்நூறைத் தாண்டும். பைக்கை லோடு வண்டியில் ஏற்றி அவ்வளவு தூரம் அனுப்ப எந்த மீன்பிடிக் குடும்பத்தால் முடியும்?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி அதன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது எங்கள் ஊர்ப் பையன்கள் போட்ட ஆட்டம் கொஞ்சமில்லை. அதற்குச் சில நாள் முன்பு பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவையும் எல்லோரும் பகிர்ந்தார்கள். அவர் கதவைத் திறந்து இறங்கி நடந்து வந்தார் அல்லவா, அது எப்படி முடிந்தது என்று ஒருவனும் கேட்கவில்லை. காருக்குள் இரும்புக் கூண்டு, ஆறு இடத்தில் பிடிக்கிற பெல்ட், கழுத்தைக் காக்கும் கருவி, மோதுவதற்கென்றே கட்டிய தடுப்பு, எதிரே வண்டி வராத தடம், கொடியோடு நிற்கிற ஆட்கள், பக்கத்திலேயே ஆம்புலன்ஸ். 2020-ல் பஹ்ரைனில் எஃப்-1 ஓட்டுநர் குரோஜானின் கார் இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தபோதும் அவர் எழுந்து வெளியே வந்தார், தலைக்கு மேல் இருந்த ஹேலோ என்ற வளையம் 2018-ல்தான் கட்டாயமாகியிருந்தது. பந்தயம் என்பது இத்தனையும் சேர்ந்தது. எங்கள் ஊர்ச் சாலையில் அதே வேகத்தில் விழுகிறவனுக்குக் கிடைப்பது மைல்கல்லும் கருவேல முள்ளும்தான்.

என் யோசனை பெரிய சர்க்யூட் இல்லை, அதற்கெல்லாம் கோடிகள் வேண்டும், சர்வதேச எஃப்-1 தடம் கட்டிய நொய்டாவிலேயே 2011 முதல் 2013 வரை மூன்று பந்தயத்தோடு எஃப்-1 கதை முடிந்தது. நான் கேட்பது ஒரு மண் தடம். ஒரு கிலோமீட்டர் சுற்றளவு, கிரேடர் விட்டுச் சமப்படுத்திய தரை, ஓரத்தில் பழைய டயர்கள், நான்கு மூலையில் கொடியோடு ஆட்கள், ஓர் ஆம்புலன்ஸ், மாதம் ஓரிரு ஞாயிறு. மண்ணில் பிடிப்பு குறைவு என்பதால் நாற்பது ஐம்பதிலேயே வண்டி வழுக்கும், விழுந்தாலும் பெரும்பாலும் தூசி தட்டி எழுந்துவிடலாம், தாரில் நூறில் கற்க வேண்டியதை அங்கே அந்த வேகத்தில் கற்றுக்கொள்ளலாம். 390 எல்லாம் தேவையே இல்லை, பழைய ஸ்ப்ளெண்டர் போதும். 2024-ல் டக்கார் என்கிற பாலைவனப் பந்தயத்தில் பைக்குகளுக்கான ரேலி-2 பிரிவை வென்ற ஹரித் நோவா பக்கத்துக் கேரளாக்காரர், அவரும் மண் தடத்தில் மேடு தாண்டும் சூப்பர்கிராஸ் பந்தயம் ஓட்டி வளர்ந்தவர்தான்.

இடம் எங்கே என்று கேட்டால், தனுஷ்கோடி மட்டும் வேண்டாம். நகரத்து நண்பர்கள் சிலர் அங்கேயே நேர்க்கோட்டில் விடுகிற டிராக் ரேஸ் வைக்கலாமே, ட்ரோன் ஷாட் அருமையாக வரும் என்கிறார்கள். அந்தக் கரையில் ஆமை முட்டையிடுகிறது, பூநாரைகள் வந்து இறங்குகின்றன, 2025-ல் அதைப் பூநாரைச் சரணாலயமாகவே அரசு அறிவித்துவிட்டது. கண்மாய்களும் வேண்டாம், வறண்டு கிடக்கிறது என்று உள்ளே வண்டி விட ஆரம்பித்தால் மழை வரும்போது கரையே இருக்காது. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிற புறம்போக்கு நம் மாவட்டத்தில் எவ்வளவோ இருக்கிறது, கடலோர ஒழுங்குமுறை எல்லைக்கு வெளியே வாலிநோக்கம், சாயல்குடிப் பக்கம் ஒன்றும் விளையாத உவர் நிலம் இருக்கிறது. கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டுத் தடம் போட்டால் இரண்டு வேலை முடிந்தது. தூசிக்குக் குடிநீரைத் தெளிக்க வேண்டாம், அது பாவம், லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நிற்கிற ஊர் இது. ஏற்கெனவே உவரான நிலத்தில் உப்புத் தண்ணீரே போதும், உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் புழுதி அடங்கும். ஓட்டி முடித்ததும் செயினையும் டிஸ்க்கையும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து எண்ணெய் போட வேண்டும், அவ்வளவுதான். கடற்கரைக்காரனுக்கு அது ஒன்றும் புதிதில்லை, இங்கே ஒரு மழைக்காலம் சும்மா நிறுத்திய வண்டியின் செயின்கூட இரும்புக் கம்பியாக இறுகிவிடும்.

உப்பு நிலமா என்று முகம் சுளிக்க வேண்டாம். அமெரிக்காவில் பானவில் உப்புச் சமவெளியில்தான் உலக வேக சாதனைகள் பல நடந்தன. நியூசிலாந்துக்காரர் பர்ட் மன்ரோ 1920-ஆம் வருட இந்தியன் ஸ்கவுட் பைக்கை வீட்டுக் கொட்டகையிலேயே பல வருடம் திருத்தித் திருத்தி, பிஸ்டனைக்கூடச் சொந்தமாக வார்த்து, 1967-ல் அங்கே கொண்டுபோய் மணிக்கு 296 கிலோமீட்டர் சாதனை வைத்தார், அப்போது அவருக்கு 68 வயது. நம் உவர் நிலம் அந்த மாதிரி பாறையாக இறுகாது, அந்த வேகமும் இங்கே வேண்டாம். ஆனால் விசைப்படகு எஞ்சினை நடுக்கடலில் பிரித்து மாட்டுகிற கைகள் நம் ஊரில் இருக்கின்றன, அந்தக் கைகளுக்கு ஒரு பந்தய வண்டியைக் கொடுத்துப் பாருங்கள் என்கிறேன்.

பணக்காரர் விளையாட்டு, இதற்கு அரசு நிலமா என்று கேட்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. பணக்காரனுக்கு அரசு நிலம் தேவையில்லை, அவன் பிள்ளை கோவைக்கோ மலேசியாவுக்கோ போய்க் கற்றுக்கொள்வான். ஈசிஆரில் விழுகிறது மாதத் தவணையில் வண்டி எடுத்த வீட்டுப் பிள்ளை. சத்தம்தான் நியாயமான புகார், அதனால் ஊரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், சைலன்சரைக் கழற்றிய வண்டியைத் தடத்துக்குள்ளேயே விடக் கூடாது. சைலன்சரை மாற்றினால் வண்டி வேகமாகப் போகும் என்று நினைக்கிற தம்பிகளே, எஞ்சினில் வேறெதையும் தொடாமல் அதை மட்டும் மாற்றினால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான்.

மாவட்ட ஆட்சியர், காவல் துறை, விளையாட்டு ஆணையம் மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசினால் முதலில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி கொடுத்துப் பார்க்கலாம். சென்னையிலேயே இருக்கிற இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் விதிமுறைகள் தயாராக இருக்கின்றன, நாம் புதிதாக எழுத வேண்டியதில்லை. மாட்டு வண்டிப் பந்தயக் கமிட்டிக்காரர்களையும் அழையுங்கள், கூட்டத்தைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்துவது எப்படி என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை.

உங்களுக்கும் ஒரு கோரிக்கை. விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் போக மீதி இடத்தில் தேசிய பைக், கார் பந்தய முடிவுகளையும் நான்கு வரி போடுங்கள். பையன்கள் சாலையில் விழுந்தால் மாவட்டச் செய்தியில் படத்தோடு வருகிறது, தடத்தில் ஜெயித்தால் அதை நாங்கள் போனில்தான் தேட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
வண்டிப் பித்துப் பிடித்த வாசகன்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்